தள்ளிவைத்த தேர்வின் செலவு

2024 ஜூன் 22, சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு. ஏறத்தாழ 2.28 லட்சம் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். வெளியூரில் மையம் கிடைத்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்து, அறை எடுத்து, கடைசியாக ஒருமுறை குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பு வந்தது: முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகத் தேர்வு தள்ளிவைக்கப்படுகிறது, புதிய தேதி பிறகு அறிவிக்கப்படும்.

காரணம் நாடே அறிந்ததுதான். இளநிலை நீட் வினாத்தாள் கசிவு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஜூன் 18-ல் நடந்த யு.ஜி.சி. நெட் தேர்வு மறுநாளே ரத்தாகியிருந்தது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு ஜூன் 21-ல் தள்ளிவைக்கப்பட்டது. இளநிலைத் தேர்வை நடத்திய தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் அதே ஜூன் 22-ல் மாற்றப்பட்டார். முதுநிலை நீட்டை நடத்துவது வேறொரு அமைப்பு, தேசிய மருத்துவத் தேர்வுகள் வாரியம். அதன் வினாத்தாள் கசிந்ததாக எந்த உறுதியான தகவலும் வெளியாகவில்லை. ஆனாலும் தேர்வின் பாதுகாப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது.

அந்த ஆண்டுத் தேர்வுக்கு அதற்கு முன்பே மூன்று தேதிகள் சொல்லப்பட்டிருந்தன. முதலில் மார்ச் 3. பிறகு ஜூலை 7. நாடாளுமன்றத் தேர்தல் அட்டவணை வெளியானதும் அது ஜூன் 23-க்கு முன்னுக்கு நகர்ந்தது. நடந்தது ஆகஸ்ட் 11-ல். ஒரே தேர்வுக்கு நான்கு தேதிகள்.

2021 முதல் 2025 வரையிலான ஐந்து ஆண்டுகளில் முதுநிலை நீட் எந்த ஆண்டும் சச்சரவில்லாமல் நடக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் தேதி மாறியது. மாறாமல் நின்ற 2023-லும் மாற்றச் சொல்லி மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தள்ளிவைக்கலாமா கூடாதா என்று கேட்டால், பெரும்பாலும் மாணவர்களின் அலுப்பு ஒரு பக்கமும் அரசின் பிடிவாதம் மறுபக்கமுமாக விவாதம் சுருங்கிவிடுகிறது. இந்த ஐந்து ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தேர்வுத் தேதியைத் தனியாக நகர்த்துவதும், தனியாக நகர்த்த மறுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். தேதிக்கு முன்னும் பின்னும் கட்டப்பட்டிருக்கிற சங்கிலியைப் பார்க்காமல் எடுத்த முடிவுகள்தான் ஒவ்வொரு முறையும் இளம் மருத்துவர்களை வதைத்திருக்கின்றன.

அந்தச் சங்கிலி இப்படிப் போகிறது. எம்.பி.பி.எஸ். முடிப்பவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை செய்ய வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன் என்றும் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் சொல்வது இந்த ஓராண்டைத்தான். குறிப்பிட்ட தேதிக்குள் அதை முடிப்பவரே நீட் எழுதத் தகுதியானவர். தேர்வு முடிந்து தரவரிசை வந்ததும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான கலந்தாய்வு, அதையொட்டி மாநிலங்களின் கலந்தாய்வு. அதன்பின் முதலாண்டு பி.ஜி.யாக வார்டில் சேர்க்கை. அதே சமயத்தில் மூன்றாமாண்டு பி.ஜி.க்கள் தேர்வெழுதி வெளியேறுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவு நேர அவசர சிகிச்சைப் பிரிவையும் பிரசவ வார்டையும் தாங்கி நிற்பவர்கள் இந்த மூன்று ஆண்டுத் தொகுதியினர்தான். உள்ளே வருபவர் தாமதித்தால், வெளியே போக வேண்டியவரைப் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு தொகுதியைக் கொண்டு மூன்று தொகுதியின் வேலையை ஓட்ட வேண்டும்.

தேர்வே வேண்டுமா என்ற பழைய வழக்கு இந்தச் சச்சரவுக்கெல்லாம் முந்தையது. நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்ற ஏற்பாட்டை 2013 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017 சேர்க்கையிலிருந்து முதுநிலை நீட் நிலைத்தது. ஒரே நாளில் ஒரே தேர்வு என்றான பிறகு, அந்த ஒரு நாளின் கனம் பல மடங்காகிவிட்டது. அதற்கு முன் ஒரு மாநிலத்தின் தேர்வு தள்ளிப்போனால் அந்த மாநிலம் மட்டும் காத்திருக்கும்.

தள்ளிவைத்ததில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாத ஆண்டு 2021. ஏப்ரல் 18-ல் தேர்வு நடக்க வேண்டும். கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15-ல், மூன்று நாள் இருக்கும்போது, அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் தேர்வைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார். மே 3-ல் பிரதமர் அலுவலகத்திலிருந்து விரிவான முடிவு வந்தது: குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைப்பு, ஆகஸ்ட் 31-க்கு முன் தேர்வு கிடையாது, நடத்துவதற்கு முன் குறைந்தது ஒரு மாத அவகாசம் தரப்படும்.

இந்த முடிவின் மற்ற பகுதிகளையும் கவனிக்க வேண்டும். பயிற்சி மருத்துவர்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனா பணியில் அமர்த்தலாம். எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான பாதிப்புள்ளவர்களைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம். நூறு நாள் கொரோனா பணி செய்தவர்களுக்கு அரசு வேலை நியமனங்களில் முன்னுரிமை. இறுதியாண்டு பி.ஜி.க்கள் புதிய தொகுதி வந்து சேரும்வரை பணியில் தொடர வேண்டும். தேர்வைத் தள்ளினால் வார்டில் ஏற்படும் வெற்றிடத்தை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு அதே அறிவிப்பில் பதில் இருந்தது. இந்த ஐந்து ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே சங்கிலி முழுவதையும் கணக்கில் எடுத்தது இது ஒன்றுதான். ‘இந்தத் தேதிக்கு முன் கிடையாது’ என்ற உறுதியும் அதில் இருந்தது. படிப்பவருக்கு அந்த உறுதி போதும். அடுத்த வாரமா அடுத்த மாதமா என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, நான்கு மாதம் வேலை செய்துவிட்டு வந்து படிக்கலாம் என்று தெரிவது எவ்வளவோ மேல்.

செப்டம்பர் 11-ல் தேர்வு நடந்தது. அந்த மாத இறுதியிலேயே முடிவுகளும் வந்தன. அதன்பிறகுதான் சங்கிலி அறுந்தது.

அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதமும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதமும் தரப்படும் என்று 2021 ஜூலை 29-ல் மத்திய அரசு அறிவித்திருந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான பகுதிக்கு வித்திட்டது சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலை 27-ல் அளித்த தீர்ப்பு. தமிழ்நாட்டுக் கட்சிகள் நடத்திய நீண்ட சட்டப் போராட்டத்தின் பலன் அது. புதிய ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்குகள் போயின. நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு எட்டு லட்சம் ரூபாய் எந்த அடிப்படையில் வந்தது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மறுபரிசீலனைக்கு நான்கு வாரம் வேண்டும் என்றது அரசு. கலந்தாய்வு நின்றுபோனது. ஒரு முழுத் தொகுதி மருத்துவர்கள் தரவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தவர்கள் 2021 டிசம்பரில் டெல்லித் தெருக்களில் இறங்கினார்கள். உறைவிட மருத்துவர்களின் அந்த வேலைநிறுத்தத்தில் காவல்துறையுடன் மோதல் வரை போனது. 2022 ஜனவரி 7-ல் உச்ச நீதிமன்றம் கலந்தாய்வுக்கு அனுமதி தந்தது. ஜனவரி 12-ல் அது தொடங்கியது.

சமூக நீதி கேட்டதால் தாமதம் வந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது சரியான கணக்கு இல்லை. ஒதுக்கீட்டை ஜூலையில் அறிவித்த அரசு, அதன் வருமான வரம்புக்கான நியாயத்தையும் அப்போதே தயாராக வைத்திருந்திருக்க வேண்டும். மறு ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, கடைசியில் அதே எட்டு லட்சத்தைத்தான் பரிந்துரைத்தது. இடையில் போன மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

அந்த மாதங்கள் போன தூரமும் கொஞ்சமில்லை. 2021-ல் தேர்வெழுதியவர்கள் 2022 தொடக்கத்தில்தான் வார்டுக்குள் நுழைந்தார்கள். மூன்றாண்டுப் படிப்பு 2025 தொடக்கத்தில்தான் முடிந்தது. ஆகவே, அவர்கள் அடுத்து எழுத வேண்டிய உயர் சிறப்பு மருத்துவப் படிப்புக்கான 2024-ஆம் ஆண்டு நீட், 2025 மார்ச் 29, 30 தேதிகளுக்குப் போனது. ஏற்கெனவே முதுநிலை முடித்து, இதயவியலோ நரம்பியலோ படிக்கக் காத்திருந்த மூத்தவர்கள் 2024-ல் தேர்வு இல்லை என்றதும் உச்ச நீதிமன்றம் போனார்கள். கொரோனாவால் தாமதமாகச் சேர்ந்த தொகுதியை விட்டுவிட்டுத் தேர்வு நடத்த முடியாது என்ற முடிவில் நீதிமன்றம் தவறு காணவில்லை. 2021 ஏப்ரலில் எடுத்த முடிவின் வட்டியை, அந்தத் தேர்வையே எழுதாத மருத்துவர்கள் மூன்றரை ஆண்டு கழித்துக் கட்டினார்கள்.

அடுத்த ஆண்டு இதன் எதிரொலி. 2022 முதுநிலை நீட் மார்ச் 12-ல் நடப்பதாக இருந்தது. 2021-ன் கலந்தாய்வே ஜனவரியில்தான் தொடங்கியிருந்ததால் இரண்டும் மோதின. பிப்ரவரி தொடக்கத்தில் அரசே இறங்கிவந்து தேர்வை மே 21-க்குத் தள்ளியது. கலந்தாய்வு அதற்கும் இழுத்துக்கொண்டு போனது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 146 இடங்கள் தொடர்பான சிக்கலில் மார்ச் 31-ல் அகில இந்திய ஒதுக்கீட்டின் ஒரு சுற்றையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசிச் சுற்றுகள் மே மாதம் வரை நீண்டன. அதில் இடம் கிடைக்குமா என்று பார்த்து ஏமாந்தவருக்கு அடுத்த தேர்வுக்குப் படிக்கச் சில வாரங்களே மிஞ்சின. இன்னொரு முறை தள்ளுங்கள் என்ற மனுவை மே 13-ல் நீதிபதிகள் சந்திரசூட், சூர்ய காந்த் அமர்வு தள்ளுபடி செய்தது.

அந்த உத்தரவின் காரணங்கள் நிதானமாகப் படிக்கத் தக்கவை. 2.06 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். தள்ளிவைத்தால் குழப்பமும் நிச்சயமின்மையும்தான் மிஞ்சும். மருத்துவமனைகளில் உறைவிட மருத்துவர்கள் பற்றாக்குறையாக இருக்கிறார்கள், மூன்று தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தொகுதிதான் இருக்கிறது. நோயாளிகளின் சிகிச்சை முதலில். மனுதாரர்கள் ஒரு பிரிவினர், தேர்வுக்குத் தயாராகி நிற்கும் பெரும்பிரிவினரும் இருக்கிறார்கள் என்றது நீதிமன்றம்.

அந்த வாதம் வலுவானதுதான். ஆனால் தேர்வு மே 21-ல் நடந்து, பதினோரே நாளில் ஜூன் 1-ல் முடிவும் வந்த பிறகு, கலந்தாய்வு தொடங்கியது செப்டம்பரில். பற்றாக்குறையைச் சொல்லி அவசரமாக நடத்திய தேர்வுக்கும் வார்டில் புதிய மருத்துவர் வந்து நின்றதற்கும் இடையே மூன்று மாதத்துக்கும் மேல் ஓடிவிட்டது. நோயாளிகளின் பெயரைச் சொல்லித் தேதியைக் காத்தவர்கள், அதே நோயாளிகளுக்காகக் கலந்தாய்வைக் காக்கவில்லை.

2023 இதைவிடத் தெளிவான உதாரணம். இங்கே மாணவர்களின் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்தது. தேர்வு மார்ச் 5 என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. கொரோனாவால் பல மாநிலங்களில் எம்.பி.பி.எஸ். தொகுதிகள் பின்தங்கியிருந்ததால், பயிற்சி முடிக்கும் கடைசித் தேதியை முதலில் ஜூன் 30-க்கும், பிப்ரவரியில் ஆகஸ்ட் 11-க்கும் நீட்டித்தார்கள். இதனால் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் புதிதாகத் தகுதி பெற்றதாக சுகாதார அமைச்சகம் சொன்னது. அவர்களுக்காக விண்ணப்பத் தளம் பிப்ரவரியில் சில நாட்கள் மறுபடி திறக்கப்பட்டது. தேர்வுத் தேதி மட்டும் அசையவில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ‘நீங்களும் எழுதலாம்’ என்று சொல்லப்பட்ட ஒருவர், ஒரு மாதத்துக்குள், அதுவும் வார்டில் பயிற்சிப் பணி பார்த்துக்கொண்டே, நாட்டின் கடினமான நுழைவுத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும்.

மனுதாரர்கள் கேட்டது எளிய கேள்வி. ஆகஸ்ட் 11-ல் பயிற்சி முடிப்பவர் அதற்கு முன் சேர முடியாது. அப்படியானால் மார்ச்சிலேயே தேர்வை வைத்து என்ன பயன்? தேர்வு நடத்தும் தொழில்நுட்ப நிறுவனத்திடம் உடனடியாக வேறு தேதிகள் இல்லை, கலந்தாய்வை ஜூலையில் தொடங்கிவிடுவோம் என்றது அரசுத் தரப்பு. நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு பிப்ரவரி 27-ல் மனுவைத் தள்ளுபடி செய்தது. மார்ச் 5-ல் தேர்வு, மார்ச் 14-ல் முடிவு, ஜூலை கடைசியில் கலந்தாய்வு. நான்கு மாதத்துக்கும் மேலாகத் தரவரிசை சும்மா கிடந்தது. இரண்டு மாதம் தள்ளியிருந்தால் எந்த வார்டிலும் ஒரு நாள் கூடத் தாமதம் ஏற்பட்டிருக்காது.

தள்ளிவைப்பால் மாணவர்களுக்குக் கிடைக்கும் ‘கூடுதல் நேரம்’ என்பதையும் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். முதுநிலை நீட் தேர்ச்சித் தேர்வு மட்டும் இல்லை. அது தரவரிசைக்கான போட்டி. 200 கேள்வி, 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். இடங்களின் எண்ணிக்கை, 2024 கணக்குப்படி நாடு முழுவதும் 73,000 அளவில், தேதி மாறியதால் கூடுவதில்லை. எல்லோருக்கும் இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்தால் மொத்தத்தில் யாருக்கும் லாபமில்லை என்று தோன்றும். ஆனால் நேரம் எல்லோர் கையிலும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. பயிற்சிப் பணியில் இருப்பவருக்கு அது முடிந்த பிறகு கிடைக்கும் இரண்டு மாதம் பொன்னானது. வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, கோச்சிங் மையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து இரண்டாம் முறையாகப் படிப்பவருக்கு அதே இரண்டு மாதம் வாடகையும் வட்டியும். தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இரவு வேலை பார்த்தபடி படிப்பவர், ஊதியமில்லா விடுப்பைத் தேர்வுத் தேதியை நம்பித்தான் எடுத்திருப்பார். தேதி போனால் அந்த விடுப்பும் போனது. மறுபடி கிடைக்குமா என்பது நிர்வாகத்தின் கையில். ஆகவே ‘மாணவர்கள் தள்ளிவைப்பைக் கேட்கிறார்கள்’ என்ற செய்தி பாதி உண்மைதான். ஒவ்வொரு முறையும் தள்ளக் கூடாது என்று மன்றாடியவர்களும் மாணவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கில் இன்னொரு பிரிவும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் அரசு மருத்துவர்கள். அவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பதை, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கத்தின் வழக்கில் 2020 ஆகஸ்ட் 31-ல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மலைக் கிராமத்திலோ கடலோரத்திலோ புறநோயாளிகளைப் பார்த்து முடித்து, பிரசவத்துக்காக இரவு எழுந்து, இடையில் படிக்கும் ஒருவருக்குத் தேர்வுத் தேதி என்பது மாற்று மருத்துவரை ஏற்பாடு செய்வது. தேதி மாறினால் அந்த ஏற்பாடும் மறுபடி முதலிலிருந்து. கலந்தாய்வு நின்றால், அவர் மேற்படிப்புக்குப் போனபின் அந்த நிலையத்துக்கு வர வேண்டியவரும் நிற்கிறார். டெல்லியில் வாதிடப்படும் ஒத்திவைப்பு வழக்குகளில் இந்தச் சின்ன ஊர் மருத்துவமனைகளின் குரல் கேட்டதாகத் தெரியவில்லை.

நீதிமன்றங்கள் எப்போதும் மறுத்தே வந்தன என்றும் சொல்ல முடியாது. எய்ம்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ. செட் தேர்வு 2021 ஜூன் 16-ல் நடக்க இருந்தது. இரண்டாம் அலை அடங்காத நேரம், எழுத வேண்டியவர்கள் கொரோனா வார்டுகளில் இருந்தார்கள். நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, எம்.ஆர். ஷா அமர்வு ஜூன் 11-ல் தேர்வைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளச் சொன்னது. ஜூலை 22-ல் அது நடந்தது. மாறாக, பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான 2022 கேட் தேர்வைத் தள்ளச் சொன்ன மனு, தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு பிப்ரவரி 3-ல் தள்ளுபடியானது. ஒமைக்ரான் அலை இருந்தாலும் எல்லாம் திறந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஒன்பது லட்சம் பேரின் தயாரிப்பைக் கடைசி நேரத்தில் கலைக்க முடியாது என்றது நீதிமன்றம். இரண்டு முடிவுகளும் தத்தம் சூழலில் சரி. தேர்வெழுதுபவரே நோயாளியின் படுக்கையருகே நின்றாக வேண்டிய நிலை ஒன்று. அறைக்குள் இருந்து படிக்க முடிகிற நிலை மற்றொன்று.

தள்ளுவது, தள்ள மறுப்பது என்ற இரண்டுக்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு என்பதை வெளிநாட்டு அனுபவங்கள் காட்டுகின்றன. சீனாவில் 2022 டிசம்பர் 24-ல் முதுநிலை நுழைவுத் தேர்வு தொடங்கியது, விண்ணப்பித்தவர்கள் 47.4 லட்சம் பேர். கட்டுப்பாடுகள் தளர்ந்து கொரோனா அலை நாடெங்கும் அடித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தள்ளிவையுங்கள் என்ற கோரிக்கை அங்கேயும் பலமாக எழுந்தது. தேதியை மாற்றாமல், சொந்த ஊருக்குப் போக முடியாதவர்கள் இருக்கும் ஊரிலேயே எழுத ஏற்பாடு செய்தார்கள். தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறைகள். அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிகளுக்கான எம்கேட் தேர்வு 2020 மார்ச் இறுதியிலிருந்து பல வாரம் ரத்தானபோது, ஏழரை மணி நேரத் தேர்வை ஐந்தே முக்கால் மணி நேரமாகச் சுருக்கி, ஒரே நாளில் மூன்று முறை நடத்தி நிலுவையைத் தீர்த்தார்கள். முதுநிலைப் படிப்புகளுக்கான ஜி.ஆர்.இ. தேர்வை வீட்டிலிருந்தே எழுதும் வசதி அதே மார்ச்சில் வந்தது. ஜி.ஆர்.இ. போன்றவை ஆண்டு முழுவதும் நடப்பதால் அங்கே தள்ளிவைப்பது தனிமனிதரின் முடிவு: கட்டணம் கட்டி வேறு நாள் எடுத்துக்கொள்ளலாம், வேறு யாருடைய வாழ்க்கையும் அதனால் நகர்வதில்லை.

இந்தியாவில் பல தேதித் தேர்வு என்ற வழியில் முதுநிலை நீட் போக முடியுமா? 2024 அதற்கான விடையைக் கசப்பாகக் கொடுத்தது. ஜூன் 22-ல் தள்ளிவைத்த தேர்வை ஆகஸ்ட் 11-ல் நடத்தியபோது, பாதுகாப்பான மையங்கள் போதவில்லை என்று ஒரே நாளில் இரண்டு ஷிஃப்டாகப் பிரித்தார்கள். இரண்டு வினாத்தாள், ஆகவே மதிப்பெண்ணைச் சமன்படுத்த ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எப்படி என்று முன்கூட்டியே விளக்கப்படவில்லை, எளிதில் போய்ச்சேர முடியாத ஊர்களில் மையம் தந்துவிட்டார்கள் என்று சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 9-ல், தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, சிலருக்காக இரண்டு லட்சம் பேரின் எதிர்காலத்தைத் தொங்கலில் விட முடியாது என்று மறுத்தது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. தேர்வு நடந்த பிறகு வெளிப்படைத்தன்மை குறித்த வழக்குகள் தொடர்ந்தன; கலந்தாய்வின் முதல் சுற்று முடிவுகள் நவம்பரில்தான் வந்தன.

மறு ஆண்டு அந்தச் சுமை மறுபடி இறங்கியது. 2025 ஜூன் 15-க்கு அறிவித்த தேர்வும் இரண்டு ஷிஃப்ட். மே 30-ல் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் குமார், அஞ்சாரியா அமர்வு, இரண்டு வினாத்தாள்கள் ஒரே கடினத்தன்மையில் ஒருபோதும் இருக்க முடியாது, ஒரே ஷிஃப்டில் நடத்துங்கள் என்றது. அதற்கான மையங்களைத் தேட வேண்டும் என்று தேர்வு வாரியம் ஆகஸ்ட் 3 வரை அவகாசம் கேட்டது. இவ்வளவு நாள் ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஜூன் 6-ல், இனி நீட்டிப்பு இல்லை என்ற நிபந்தனையுடன் சம்மதித்தது. ஆகஸ்ட் 3-ல் 301 நகரங்களில் 1,052 மையங்களில் 2.42 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் தேர்வு நடந்தது.

முடிந்தது என்பதுதான் முக்கியம். ஆயிரம் மையங்களில் ஒரே ஷிஃப்டில் நடத்த முடியும் என்றால் அதை 2024-லேயே திட்டமிட்டிருக்கலாம். அந்தத் தள்ளிவைப்புக்கு இரண்டு லட்சம் பேர் கொடுத்த ஏழு வாரங்களில் தேர்வுமுறை வலுவாகியிருந்தால் அதை யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு வாரங்களும் போய், மாணவர்கள் முன்பைவிடக் குறைவாக நம்பும் ஒரு முறை வந்ததுதான் வேதனை. பாதுகாப்புக்காக ஒரு தேர்வைத் தள்ளலாம். கசிந்த தேர்வை நடத்துவதைவிட அது நிச்சயம் நல்லது. ஆனால் தள்ளிய நாட்களில் என்ன சரிசெய்யப்பட்டது என்று தேர்வர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அப்படித் தள்ளியவர்களுக்கு உண்டு. 2024 ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே அப்படியொரு விளக்கம் தேர்வர்கள் கையில் வரவில்லை.

இத்தனை வழக்குகளையும் படித்துவிட்டுப் பார்த்தால், அடுத்த முறை ஒத்திவைப்புக் கோரிக்கை எழும்போது நீதிபதியும் அமைச்சரும் முதலில் கேட்க வேண்டியது தேர்வைப் பற்றிய கேள்வியாக இருக்கக் கூடாது. கலந்தாய்வு எந்தத் தேதியில் தொடங்கும்? பயிற்சி முடிக்கும் கடைசித் தேதி அதோடு பொருந்துகிறதா? இடங்களின் எண்ணிக்கையும் ஒதுக்கீட்டு விதிகளும் தேர்வுக்கு முன்பே இறுதியாகிவிட்டனவா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால், தேதியைத் தள்ளக் கேட்பவர்களின் நியாயத்தை அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடலாம். 2023-ல் அந்தப் பதில்கள் மேசையில் இருந்திருந்தால் மார்ச் 5 என்ற தேதி நின்றிருக்காது. 2022 மே மாதத்தில் இருந்திருந்தால் தேர்வு அதே நாளில் நடந்து, கலந்தாய்வு ஜூன் மாதமே தொடங்கியிருக்கும். தகுதித் தேதியை நீட்டிக்கும் ஒவ்வோர் உத்தரவும் தேர்வுத் தேதியைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கடைசி நேரத்தில் தள்ளினால் பயணச் செலவையும் அறை வாடகையையும் திருப்பித் தருவதற்கும் ஒரு விதி வேண்டும். ரயில் டிக்கெட்டைக் காட்டிப் பணம் வாங்கும் எளிய ஏற்பாடு. தள்ளுவதற்கு ஒரு விலை இருக்கிறது என்று கணக்கில் ஏறினால்தான், அந்த முடிவு இரவு பத்து மணிக்கு எடுக்கப்படாமல் இரண்டு வாரம் முன்பே எடுக்கப்படும்.